அளந்து அரைத்தவர்களும் அரைத்து அளப்பவர்களும்

அத்தையின் முறுக்குக் கணக்கு நாலுக்கு ஒன்று. நாலு ஆழாக்குப் பச்சரிசி, ஓர் ஆழாக்கு உளுந்து. நாற்பது வருடமாக அந்தக் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை. இரண்டு தீபாவளிக்கு முன்பு அதே கணக்கை நம்பி நான் சுட்ட முறுக்கு எண்ணெயைக் குடித்து, நேரத்துக்கு முன்பே சிவந்து, கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. தொலைபேசியில் சொன்னேன். அத்தை எண்ணெய்ச் சூட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அரிசிய அளந்தியா, மாவ அளந்தியா?"

கடையில் வாங்கிய அரிசி மாவில் நாலு ஆழாக்கு எடுத்திருந்தேன். உளுந்தை மட்டும் முழுசாக ஓர் ஆழாக்கு அளந்து, வறுத்து, மிக்ஸியில் பொடித்துச் சேர்த்திருந்தேன்.

"அரிசின்னா அரிசியத்தான்டா அளக்கணும். அரைச்சப்புறம் அளந்தா அது வேற கணக்கு."

அந்த வேறு கணக்கைத் தராசில் போட்டுப் பார்க்கலாம். இன்று வீடுகளில் ஆழாக்கு என்று புழங்கும் பாத்திரம் ஏறக்குறைய 200 மில்லி பிடிக்கும். அதில் உளுந்து 170 கிராம் நிற்கும். அரிசியும் கிட்டத்தட்ட அவ்வளவே. அரிசி மாவைத் தளர்வாகப் போட்டால் 120 கிராமுக்கு மேல் தாண்டுவது சிரமம். ஆக நான் சேர்த்தது 480 கிராம் மாவு, 170 கிராம் உளுந்து. நாலுக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டு மூன்றுக்கும் குறைவான விகிதத்தில் பிசைந்திருக்கிறேன். இரண்டையும் மாவாகவே அளந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. ஒன்றைத் தானியமாகவும் மற்றதை மாவாகவும் அளந்ததுதான் வினை.

'ஒரு கப் இத்தனை கிராம்' என்று சமையல் புத்தகங்களின் பின்பக்கத்தில் அச்சிடும் அட்டவணைகளில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகம். எடையைக் கன அளவாக மாற்ற ஒற்றை எண் போதும் என்று அவை சொல்கின்றன. தண்ணீருக்குப் போதும். உலர்ந்த பொருளுக்கு அந்த எண்ணோடு இன்னும் சில விவரங்கள் வேண்டும்: பொருள் முழுசா பொடியா, முகந்ததா பெய்ததா, தட்டினதா, தலை வழித்ததா. இவற்றைச் சொல்லாமல் கிராமை மட்டும் சொல்வது, எந்த ஊர் என்று சொல்லாமல் தெருப்பெயரைச் சொல்வது மாதிரி.

முதலில் தானியத்தைப் பார்ப்போம். தனி அரிசி மணியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.45 கிராம், தண்ணீரில் மூழ்கும். ஆனால் ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய அரிசி 1.45 கிலோ இருப்பதில்லை, 800 முதல் 850 கிராம்தான் இருக்கும். மீதி இடம் காற்று. அரிசி நிறைந்த படியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் காற்று என்பதை அளந்து விற்றவர்களும் வாங்கியவர்களும் சட்டை செய்யவில்லை. இருவருக்கும் அதே காற்றுதானே.

மணிகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கிக்கொண்டு உட்காரும் என்பது பழைய கேள்வி. இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் 1727இல் வெளியிட்ட நூலில், பானைக்குள் பட்டாணியை அடைத்து, ஊறவிட்டு அழுத்தி, அவை எத்தனை முகங்களோடு நசுங்குகின்றன என்று பார்த்ததை எழுதியிருக்கிறார். ஒரே அளவுள்ள உருண்டைகளைப் பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல ஒழுங்காக அடுக்கினால் இடத்தில் 74 விழுக்காட்டை நிரப்பலாம். அதற்கு மேல் முடியாது என்று கெப்ளர் 1611இல் ஊகித்தார். அதை நிறுவியவர் பெயரும் ஹேல்ஸ்தான், அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ். அவர் நிரூபணத்தை அறிவித்தது 1998இல். ஆனால் அடுப்படியில் யாரும் உளுந்தை அடுக்குவதில்லை, கொட்டுகிறோம். கொட்டிக் குலுக்கிய உருண்டைகள் 64 விழுக்காட்டுக்குமேல் நெருங்குவது அரிது. சும்மா கொட்டினால் அறுபதையொட்டி நின்றுவிடும். சற்றே நீள்வட்டமாக இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். எம் அண்டு எம் சாக்லேட் வில்லைகளை வைத்து 2004இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டியபடி, அவை உருண்டைகளைவிட நெருக்கமாக அடையும். மிக நீண்ட மணிகளோ குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொண்டு இடத்தை வீணாக்கும்.

நம் அடுப்படிக்கு இதிலிருந்து ஓர் அதிர்ஷ்டம் வாய்த்திருக்கிறது. அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு எல்லாம் ஏறத்தாழ ஒரே அடர்த்தியுள்ள மாவுப்பொருளும் புரதமும் கொண்டவை. எல்லாமே அறுபது விழுக்காட்டை ஒட்டி அடைபவை. லிட்டருக்கு 800 முதல் 870 கிராம் என்ற குறுகிய பட்டைக்குள் அத்தனையும் அடங்கிவிடுகின்றன. எனவே இட்லிக்கு நாலுக்கு ஒன்று, அடைக்கு அரிசிக்குப் பாதி பருப்பு என்பதெல்லாம் டம்ளரால் அளந்தாலும் தராசில் நிறுத்தாலும் அதே விகிதம்தான். எந்த டம்ளர் என்பதும் பொருட்டில்லை, எல்லாவற்றுக்கும் அதே டம்ளராக இருந்தால் சரி. எடைக்கல் இல்லாத வீட்டில் தலைமுறை தலைமுறையாக இட்லி ஒரே பதத்தில் வெந்ததற்குக் கைப்பக்குவம் பாதிக் காரணம். மீதிப் பாதி இது: தானியமாக இருக்கும்போதே அளந்தார்கள், பிறகுதான் ஊறப்போட்டு அரைத்தார்கள்.

மாவு இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாது. மணி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சிறுத்துவிட்டால் அதன் எடை மிகக் குறைந்துவிடுகிறது. பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் விசை எடைக்கு ஈடுகொடுக்கத் தொடங்குகிறது. சறுக்கி இறங்கிக் குழியை நிரப்ப வேண்டிய துகள், விழுந்த இடத்திலேயே ஒட்டி நின்று தன் தலைக்குமேல் ஒரு சிறு வளைவைத் தாங்குகிறது. மாவுக்குள் இப்படி எண்ணற்ற காற்று மண்டபங்கள். சலித்தால் பெருகும், தட்டினால் இடியும். அமெரிக்கக் கோப்பை 236.6 மில்லி. அதில் சலித்த மைதா 110 கிராமைச் சற்றே தாண்டும். கரண்டியால் மெதுவாகப் பெய்தால் 120. கோப்பையையே டப்பாவுக்குள் அமுக்கி முகந்தால் 140, 150 வரை போகும். அதே மாவு, அதே கோப்பை, மூன்று கைகள். கேக்கை நம்பிச் செய்பவர்கள் தராசு வாங்குவதன் காரணம் இந்த முப்பது நாற்பது கிராம்தான்.

அரிசியும் தட்டினால் இறங்கும், ஆனால் அடக்கமாக. 1995இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஒரு குழாயில் கண்ணாடி மணிகளை நிரப்பி ஆயிரக்கணக்கான முறை தட்டிப் பார்த்தார்கள். முதல் சில தட்டல்களில் மட்டம் விரைந்து இறங்கியது. போகப்போக இறக்கம் மெதுவாகி, எத்தனை தட்டியும் முழுதாக நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. படியை இரண்டு தட்டு தட்டி நிறுத்திக்கொள்ளும் பாட்டிமார் வேண்டிய பலனில் பெரும்பங்கை அந்த இரண்டிலேயே வாங்கிவிட்டார்கள்.

தமிழில் இந்த விவகாரம் சொல்லிலேயே இருக்கிறது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவை நால்வகை. கன அளவைக்கு வைத்த பெயர் பாத்திரத்தைக் குறிக்கவில்லை, கை செய்யும் வேலையைக் குறிக்கிறது: முகத்தல். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்று சொல்லுமிடத்தில் இரண்டையும் இரு வகையாகவே எண்ணுகிறது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் இந்தப் பிரிவினை கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. பொன் 'ஆடவல்லான்' என்ற கல்லால் நிறுக்கப்பட்டது. நெல் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்கப்பட்டது. அந்த மரக்கால் இராசகேசரி மரக்காலுக்குச் சமம் என்றும் கல்வெட்டே சொல்லிவிடுகிறது. கல்லுக்கும் மரக்காலுக்கும் இறைவனின் ஒரே பெயரைச் சூட்டினார்கள். ஒன்றின் வேலையை மற்றதற்குக் கொடுக்கவில்லை. பிற்காலச் சந்தையிலும் அப்படித்தான். புளி, வெல்லம், மிளகாய், காய்கறி ஆகியவை பலத்திலும் வீசையிலும். நெல், அரிசி, பயறு, எண்ணெய், பால் ஆகியவை படியிலும் ஆழாக்கிலும். பாத்திரத்தில் தானாக மட்டமாகிற பொருளுக்குப் பாத்திரம், முரண்டு பிடிக்கிற பொருளுக்குத் தராசு. இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தோன்றவில்லை.

பழைய வாய்பாடு 360 நெல்லை ஒரு செவிடு என்று தொடங்குகிறது. 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி. குறுணிதான் மரக்கால். அதற்கு மேலே பதக்கு, தூணி, கலம். கொள்ளளவின் அடியில் கிடப்பது ஓர் எண்ணிக்கை என்பது கவனிக்கத்தக்கது: பாத்திரம் தொலைந்தாலும் நெல்லை எண்ணி மீட்டுக்கொள்ளலாம். பெருக்கினால் ஒரு நாழி 14,400 நெல். ஆயிரம் நெல்மணி ரகத்துக்கேற்ப 20 முதல் 25 கிராம் இருக்கும் என்று வைத்தால், நாழி நெல் 290 முதல் 360 கிராம். பாத்திரம் அரை லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர் ஆட்சி வரையறுத்த படி 100 கன அங்குலம், அதாவது 1.64 லிட்டர். வாய்பாட்டில் நாழியும் படியும் ஒன்று. பாத்திரமோ மூன்று மடங்கு. ஊருக்கு ஒரு படி, சின்னப்படி, பெரியபடி என்று இருந்த நாட்டில் இதில் வியப்பில்லை. கல்வெட்டு எழுதியவர்கள் மரக்காலின் பெயரையும் சேர்த்து வெட்டியதன் அவசியம் இதிலிருந்தே புரியும்.

தலை வழிப்பதா, குவிப்பதா என்ற சண்டைதான் இதில் சுவையானது. சென்னைப் படியில் அரிசியைத் தலை வழித்தால் 120 தோலா, குவித்தால் 132 தோலா என்பது அக்காலக் கணக்கு. கிலோவில் 1.4, 1.54. 'ஒரு படி ஒன்றரைக் கிலோ' என்று பெரியவர்கள் சொல்வதற்கும், நாம் அளந்து பார்த்தால் குறைவதற்கும் காரணம் இதுதான். அவர்கள் சொன்னது கோபுரம் வைத்த படி. குவியல் சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்பதும் தற்செயல் இல்லை. அரிசியைக் குவித்தால் அதன் சரிவு ஏறக்குறைய 31 பாகையில் நிற்கும். அதற்குமேல் உருண்டு விழும். உயரமும் விட்டமும் சமமாக உள்ள உருளையின் மேல் அந்தச் சரிவில் கூம்பு எழுப்பினால், கூம்பின் கன அளவு உருளையில் பத்தில் ஒன்று. அதே கொள்ளளவை உயரம் பாதி விட்டமாக, தட்டையாக, அகலமாகச் செய்தால் குவியல் ஐந்தில் ஒன்றாகிவிடும். பாத்திரத்தின் கொள்ளளவு துளியும் மாறவில்லை, முத்திரையும் சரி. ஆனால் குவித்து வாங்குபவனுக்கு இரண்டு பங்கு லாபம்.

போலந்து வரலாற்றாசிரியர் விதோல்த் குலா அளவைகளைப் பற்றி 1970இல் எழுதிய நூலில் ஐரோப்பியப் பண்ணையார்கள் இதே வித்தையை எப்படியெல்லாம் ஆடினார்கள் என்று விரிவாகக் காட்டுகிறார். குடியானவனிடம் குத்தகையைக் குவித்து வாங்கி, விற்கும்போது வழித்து விற்பது. தானியத்தைத் தோள் உயரத்திலிருந்து கொட்டச் செய்து அழுத்தமாக அடையவைப்பது. குவியல் தன்னளவில் ஒரு வரியாகவே இருந்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் மக்கள் எழுதியனுப்பிய குறைப்பட்டியல்களில் ஒரே அளவை வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்ததன் பின்னணி இதுதான். மீட்டர், கிலோகிராம் எல்லாம் அந்தப் புரட்சி பெற்ற பிள்ளைகள். நம் களத்துமேட்டிலும் படியளப்பது என்றால் பிழைப்புக் கொடுப்பது என்று பொருள். கூலிநெல் அளக்கும் கை எப்படி வழித்தது என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோறு இருந்தது. படியைத் தராசு துரத்தியதில் நான் வருந்த மாட்டேன்.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. 1958 அக்டோபர் முதல் அது கட்டங்கட்டமாக அமலானது. மளிகைச் சீட்டில் படி போய்க் கிலோ வந்தது. அடுப்படி மட்டும் மாறவில்லை. படி பரணுக்குப் போனதும் அதன் வேலையை எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொண்டது. இலங்கைத் தமிழர் வீடுகளில் சுண்டு, பெரும்பாலும் ஒரு கட்டிப்பால் டின், இன்றும் அரிசி அளக்கிறது. அதற்கு மேல்தான் 'கப்' வந்து குழப்பியது. அமெரிக்கக் கப் 236.6 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. மின்சார ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பொதுவாக 180. அது 'கோ' என்ற பழைய ஜப்பானிய அரிசி அளவு. பத்து கோ ஒரு ஷோ, 1.8 லிட்டர். நம் ஆழாக்கின் தூரத்து உறவு ஒன்று கவனிப்பாரின்றி நம் குக்கருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட புத்தகத்தில், கோப்பையும் கரண்டியும் தலை வழித்தே அளக்கப்பட வேண்டும் என்று கறாராக வைத்தார். அமெரிக்க வீட்டுச் சமையலின் பழக்கம் அதிலிருந்து உறுதிப்பட்டது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் பாதிதான். கோப்பைக்கு மேலே இருந்த கோபுரத்தை அவர் இடித்தார். கோப்பைக்கு உள்ளே மாவு கட்டிய மண்டபங்கள் அப்படியே நின்றன. மைதாவின் 110க்கும் 150க்கும் நடுவில் உள்ள தகராறு தலை வழித்த கோப்பையிலும் உண்டு.

தராசு வந்தால் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கன அளவைக் கையால் ஏமாற்றலாம், எடையை ஈரத்தால் ஏமாற்றலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்று வரம்பு வைத்து, மழைக்காலத்தில் அதைத் தளர்த்தக் கேட்டு ஒவ்வோர் ஆண்டும் மனுப் போடுகிறார்கள். அடுப்படியில் வேறொரு சங்கடம்: ஒரு கிராமுக்கு ஒரு கிராம் தாவும் சமையல் தராசு அரைக் கரண்டி மஞ்சள்தூளுக்குப் பயன்படாது. ஒரு டீஸ்பூன் மஞ்சள் மூன்று கிராம். பாதியை அளக்கும்போது தராசு ஒன்று காட்டுமா இரண்டு காட்டுமா என்பது அதன் அன்றைய மனநிலை. அங்கே கரண்டிதான் துல்லியம். உப்புக்கு மட்டும் கரண்டியையும் நம்ப முடியாது. தூளுப்பு டீஸ்பூனுக்கு 6 கிராம். பட்டையான செதில் உப்பு அதில் பாதிகூட இராது. கல்லுப்பு கல்லின் அளவைப் பொறுத்து நடுவில் எங்கோ நிற்கும்.

மாற்றும்போது அதிகம் பேர் சறுக்குவது தண்ணீரில். 'ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர்' என்பது கன அளவு விகிதம். தராசு வாங்கிய உற்சாகத்தில் 200 கிராம் அரிசிக்கு 500 மில்லி ஊற்றினால் சோறு விறைக்கும். 200 கிராம் அரிசி பிடிக்கும் இடம் ஏறக்குறைய 240 மில்லி. அதற்கு இரண்டரைப் பங்கு 600. டம்ளரில் ஒன்றுக்கு இரண்டரை, தராசில் ஒன்றுக்கு மூன்று. ரவைக்கு இடைவெளி இன்னும் கூடும், அது லிட்டருக்கு 700 கிராம்தான். கடலை மாவு 400, 500 என்று இன்னும் கீழே. ஆகவே வீட்டுக் குறிப்பை எடைக்கு மாற்ற நினைப்பவர் அச்சிட்ட அட்டவணையைத் தேடுவதைவிட, அந்தக் குறிப்புக்கு உரியவரையே அவருடைய டம்ளரால் வழக்கம்போல அளக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தராசில் கொட்டிக் குறித்துக்கொள்வது நல்லது. அவர் தட்டுவதும் வழிப்பதும் தாமே எண்ணுக்குள் வந்துவிடும். போன பொங்கலுக்கு அத்தையிடம் அதைத்தான் செய்தேன். அவள் கையின் ஆழாக்கு அரிசி மூன்று தடவையும் 180 கிராமை ஒட்டியே நின்றது. என் கையில் 166. அவள் ஆழாக்கை மேடையில் ஒரு தட்டு தட்டுகிறாள், தலையை லேசாகத்தான் வழிக்கிறாள். உளுந்துக்கும் அப்படியே, அதனால்தான் அவளுக்கு நாலுக்கு ஒன்று நாலுக்கு ஒன்றாகவே இருக்கிறது.

பொரி மட்டும் இன்னமும் படியில்தான் விற்கிறது. 1.64 லிட்டர் படி நிறையப் பொரி இருநூறு கிராம்கூடத் தேறாது; அதைக் கிலோக் கணக்கில் கேட்டால் தூக்கிப்போகச் சாக்கு வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை எங்கள் தெருமுனையில் பொரிக்காரர் படியைக் குவித்து, குவியல் சரிவதற்குள் பைக்குள் கவிழ்க்கிறார். "லாபம்" என்று முதல் படியை எண்ணி, "ரெண்டு" என்று தொடர்கிறார். வாங்குகிறவர்கள் கண் படியின் மேலேயே இருக்கிறது.